அவர் நிற்கச் சொன்ன இடம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் கொழுந்தன் பெற்று விட்டுப் போனது. பள்ளிக்கூடம் போனவள் இல்லை. சேலம் பஸ், நாமக்கல் பஸ் என்று போர்டைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். ஆனாலும் என் எழுத்தைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை. சிரிக்க நான் விட்டதும் இல்லை. இதை நான்தான் எழுதுகிறேன், பென்சிலால், நிறுத்தி நிறுத்தி.

எழுத வந்தது ஒரு போட்டோக்காரரைப் பற்றி. அவர் பெயர் எனக்குத் தெரியும். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் எழுதவில்லை. நாமக்கல் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒல்லி உடம்பு. அரைக்கைச் சட்டை. படம் கழுவுகிற மருந்து பட்டுப் பட்டு விரல் நகமெல்லாம் புகையிலை போட்டவன் பல் மாதிரி இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த நிலக்கடலை.

அவரை முதலில் பார்த்தது எங்கள் மரவள்ளிக் காட்டுக்குள். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடத் தொடங்கியிருந்த காலம் அது. யாரோ கிணற்றுக்கு இடம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்னாலேயே நடந்து நடந்து வந்து மரவள்ளிக் குச்சியை மிதித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாருய்யா அது? வெள்ளாமைய மிதிச்சுக்கிட்டு அங்க என்ன தேடறே?”

துணிக்குள்ளிருந்தே பதில் வந்தது. “மலையத் தேடறேனுங்க.”

“மலையா? அதா நிக்குதே, நைனாமலை. கண்ணு தெரியலியா?”

“தெரியுதுங்க. ஆனா எம்பட படத்துல அது பனமரத்துக்கு எடதுபக்கம் இருக்குது. இங்க வலதுபக்கம் வருது. இன்னுங் கொஞ்சம் பின்னால போகோணும். உங்க வரப்பு தாண்டி.”

வரப்பைத் தாண்டினால் பட்டாளத்துக் காடு. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் பட்டாளம் அங்கே கொட்டாய் போட்டுத் தங்கியிருந்ததாம். லாரி ஓட்டப் பழக்கினார்களாம். கூலியாட்களை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்து, லாரியில் ஏற்றி ரயிலுக்கு அனுப்பினார்களாம், கிழக்கே எங்கோ மலைக்காட்டில் ரோடு போட. நான் அப்போது வேறு ஊரில் சின்னப் பிள்ளை. வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஒரு சிமெண்டுத் தொட்டியும் அந்தப் பெயரும்தான் மிச்சம் இருந்தன.

போட்டோக்காரரின் தாய்மாமனை அந்தப் பட்டாளம் படம் எடுக்கிற வேலைக்கு வைத்திருந்தது. அவர் செத்த பிறகு ஸ்டூடியோவும் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவும் இவருக்கு வந்தன. இவர் அதையெல்லாம் பிரிண்டு போட்டு, எந்தப் படம் எந்த இடம் என்று கண்டுபிடித்து, மாமன் நின்ற இடத்திலேயே நின்று திரும்ப எடுத்தார். ஒரே அட்டையில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. அதைக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவார். பழைய படத்தில் ஆள் நின்ற இடத்தில் புதிய படத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதற்கு எங்களைப் பிடிப்பார்.

பழைய படத்தை மட்டும் முன்கூட்டிக் காட்டவே மாட்டார். அந்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். துணிப்பையில் கவிழ்த்து வைத்திருப்பார். தலையைத் துணிக்குள் விட்டுக்கொண்டுதான் பார்ப்பார். “அவங்க நின்ன எடத்துல நில்லுங்க, பொறவு காட்டறேன்” என்பார். கெஞ்சினாலும் அதே பேச்சு, திட்டினாலும் அதே பேச்சு.

“பாத்துட்டீங்கன்னா நீங்க நடிச்சுப்போடுவீங்க. எனக்கு நீங்க நீங்களா நிக்கோணும்.”

எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் இருந்தார். “மொதல்ல படத்தக் காட்டு. அப்பறம் நிக்கறேன்” என்று பிடிவாதம் பிடித்தார். இவர் வாதாடவில்லை. நிலக்கடலையை மென்றுகொண்டே சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த அந்தப் பெரியவருடைய காளையையே கொண்டுவந்து நிறுத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அட்டை வந்தது. இடப்பக்கம் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வலப்பக்கம் காளை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “துரையாயிருக்க வேண்டியவன், காளைக்கு விட்டுக் குடுத்துட்டனே” என்று பெரியதனக்காரர் சாகும்வரை புலம்பினார்.

சிரிப்பு எப்போதும் சிரிப்பாகவே இருக்கவில்லை. டீக்கடைக்காரரை ஒரு நாள் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்க் குத்தவைக்கச் சொன்னார். இரண்டு கையையும் தலைமேல் வைக்கச் சொன்னார்.

“என்னங்க, தோப்புக்கரணம் போடச் சொல்றீங்களா?” என்று டீக்கடைக்காரர் கேட்க, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கேலி செய்தோம். அட்டை வந்த அன்று டீக்கடையில் கூட்டம். பிரித்தார்கள். இடப்பக்கம் அதே மாதிரி தலையில் கை வைத்துக் குத்தவைத்திருந்தது அவருடைய அப்பா. சட்டை இல்லை. முதுகில் வரிவரியாகத் தடிப்பு. பின்னால் ஒருவன் பிரம்போடு நின்றான். பெட்ரோல் திருடினார் என்று பிடித்தார்களாம், அது பிறகு தெரிந்தது. பட்டாளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன் என்றுதான் அந்த மனிதர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். டீக்கடைக்காரர் கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். தகப்பன் அடிபட்ட இடத்தில் மகனைக் கொண்டுவந்து குத்தவைத்திருக்கிறாரே, இந்த மனிதருக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா?

நேரே கேட்டுவிட்டேன். “தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “சத்தியமா தெரியாதுங்கம்மா. படத்துல இருக்கற யாரையும் எனக்குத் தெரியாது. கடை பக்கத்துல இருந்துச்சு, கூப்ட்டேன்.”

நம்பினேன். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் மொபெட் சத்தம் கேட்டால் பாதிப் பேர் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள்.

நான் இறங்கவில்லை. நான் எதற்கு ஓட வேண்டும்? எனக்கோ என் வீட்டாருக்கோ அந்தப் பட்டாளத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு நாள் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோகும்போது பட்டாளத்துக் காட்டோரம் வழிமறித்தார்.

“ஏனுங்கம்மா, சித்தே நிக்கறீங்களா?”

“நான் என்ன, உங்க ஸ்டூடியோவுல வெக்கற பொம்மையா?”

“பொம்மை வாய் பேசாதுங்களே.”

நின்றேன். முந்தானையை இடுப்பில் செருகச் சொன்னார். சோற்றுப் போசி இடக்கையில் இருக்கட்டும் என்றார். வலக்கையைத் தூக்கி மேலே இருந்த வேலமரத்துக் கொப்பைப் பிடிக்கச் சொன்னார்.

“முள்ளு குத்துமுங்க.”

“குத்தாத எடமாப் பாத்துப் புடிங்க. எட்டிப் புடிங்க. புடிச்சா விட்றாதீங்க. மொகத்த மேல தூக்குங்க.”

கை வலிக்க வலிக்கப் பிடித்தேன். எடுத்து முடித்து, “தைப் பொங்கல் நோம்பி கழிஞ்சு கடைக்கு வாங்க, ரெண்டும் உங்களுக்குத்தான்” என்றார்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கன்னி உண்டு. கலியாணம் ஆகாமல் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள், நான் முகம் பார்க்காத நாத்தனார். யுத்த காலத்தில் ஆத்தூரில் மாமன் வீட்டுக்குப் போன இடத்தில் அம்மை போட்டு இறந்து, அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குச் சொன்னது. வருஷா வருஷம் தை மாதம் ஓலைப்பெட்டியில் புதுப் புடவை, வளையல், பூ வைத்துப் படைப்போம். போன வருஷத்துப் புடவையை வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை கட்டிக்கொள்ளும். என் மாமியார் அன்று வாய்விட்டு அழுவார். “பட்டாளத்தக் கண்ணாலகூடப் பாக்காத புள்ளையே” என்றுதான் அழுகை தொடங்கும். ஏன் அப்படித் தொடங்குகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் என் இரண்டாவது மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் புடவை கன்னிக்கு எடுத்துவிட்டுத்தான் மணப்பெண்ணுக்கு எடுப்போம். அதற்காக நானும் மாமியாரும் சம்பந்தியம்மாவும் நாமக்கல் போனோம். ஜவுளிக்கடைக்குப் போகிற வழியில்தான் ஸ்டூடியோ. “எம்பட படத்தக் காட்டறேன் வாங்க” என்று பெருமையாக நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன்.

கண்ணாடிப் பெட்டியில் முதலில் என்னைத்தான் பார்த்தேன். கொப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பிறகு இடப்பக்கம் பார்த்தேன். அங்கே என் மகள் நின்றாள்.

அப்படித்தான் இருந்தது. கலியாணம் நிச்சயமான என் மகள். அதே நெற்றி, அதே தாடை. பட்டாளத்து லாரியின் பின்பக்கம் நிற்கிறாள். லாரி நிறையக் கூலியாட்கள். இடக்கையில் துணிமூட்டை. வலக்கையைத் தூக்கியிருக்கிறாள். மேலேயிருந்து ஒரு ஆம்பிளைக் கை கீழே நீண்டு அதைப் பிடித்திருக்கிறது. முகம் தெரியவில்லை, முழங்கை வரைக்கும்தான். நான் முள்ளுக்குப் பயந்து பயந்து பிடித்தது அந்தக் கையின் இடத்தை.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பிறந்து வளராத ஊரில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த படத்தில், என் வயிற்றில் பிறந்தவள் எப்படி நிற்பாள்?

சம்பந்தியம்மா கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தார். “ஏனுங்க, இது நம்ம அம்மணி சாடையாவே இருக்குதே? யாருங்க இது?”

கலியாணம் போயிற்று என்று நினைத்தேன். என்ன சொல்லித் தப்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது மாமியார் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.

“எம்பட புள்ள” என்றார். “எங்க ஊட்டுக் கன்னி.”

“அம்மை போட்டுப் போயிருச்சுன்னு சொன்னீங்க?”

“சொன்னேன்.”

அதற்குள் போட்டோக்காரர் வெளியே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, டீக்கடை மாதிரி ஏதோ நடந்துவிட்டது என்று. கையிலிருந்த கடலையை அப்படியே கீழே போட்டார். “எறக்கிடறேனுங்க, இப்பவே எறக்கிடறேன்” என்று பெட்டியைத் திறக்கப் போனார்.

மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எறக்காதீங்க சாமி. இதுக்கு அடுத்த படம் இருக்குதுங்களா? அவ ஏறிட்டாளான்னு பாக்கோணும்.”

எங்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே பெஞ்சில் உட்காரவைத்தார். பெட்டியைக் கிளறினார். ஒரு கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அதே எடந்தானுங்க. ஆனா வண்டி போன பொறவு எடுத்தது. ரெண்டு பேர் முதுகு மட்டுந்தான் இருக்குது. ஆளு மொகம் இல்லைன்னு நான் பிரிண்டே போடல.” பிறகு தயங்கினார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பழைய படத்தை முதலில் காட்டப் போகிறார். “இருங்க, போட்டுக் கொண்டாரேன்” என்று இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த நேரத்தில்தான் மாமியார் சொன்னார். சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவரை எழுப்பவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

“ஆத்தூருமில்ல, அம்மையுமில்ல. கூலிக்கு வந்தவன் ஒருத்தனோட போயிட்டா. காத்தால எந்திரிச்சுப் பாத்தா பாயில ஆளக் காணோம். எங்க ஊட்டுக்காரரும் அவர் தம்பியும் தடியெடுத்துக்கிட்டு ஓடினாங்க. உச்சிப் பொழுதுக்குத் திரும்பி வந்தாங்க. ‘முடிஞ்சுது. அம்மை போட்டுச் செத்துட்டான்னு ஊருக்குச் சொல்லு’ன்னார். அவ்வளவுதான். அப்பறம் மாட்டுத் தொட்டிக்குப் போயித் தடியக் கழுவினார். தேச்சுத் தேச்சுக் கழுவினார். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

என் மாமனார் கையால் எனக்கு எத்தனை நல்லது நடந்திருக்கிறது. என் பிள்ளைகளைத் தோளில் தூக்கித் திரிந்த மனிதர். அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் தம்பியும் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை.

“நீங்க அவரக் கேக்கவே இல்லீங்களா அத்தை?”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா? அந்த மனுசனோட நான் எப்படிக் குடும்பம் பண்றது? கேக்கல. கன்னின்னு கும்புட்டேன். கொன்னு போட்ட புள்ளையக் கும்புடாம என்ன செய்ய?”

இத்தனை வருஷம் நானும் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டியிருக்கிறேன். அந்த அழுகைக்குள் இது இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட ஈரப் படத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போட்டோக்காரர் வந்தார். மருந்து வாடை குப்பென்று அடித்தது. மாமியார் மடிமேல் ஒரு பழைய பேப்பரை விரித்து அதில் வைத்தார்.

லாரி நின்ற இடம் காலி. தூரத்தில் ரோட்டில் புழுதி. புழுதிக்கு அந்தப் பக்கம் மலை. முன்னால் இரண்டு ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு, புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். இன்னொருவர் கையில் தடி தொங்குகிறது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

மாமியார் அந்தத் தோளின்மேல் விரலை வைத்தார். ஈரம் ஒட்டியது.

“இந்த முதுகுக்கு எத்தன வருசம் எண்ணெ தேச்சிருக்கேன்” என்றார். பிறகு படத்தோடேயே பேசினார், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி. “ஏனுங்க. புடிக்கலியா? பிந்திட்டீங்களா? கழுவறதுக்கு ஒன்னுமே இல்லாமயா அந்தக் கழுவு கழுவினீங்க?”

சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் அவரிடம் கேட்டதில்லை. சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. போட்டோக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், தோள் குலுங்கியது.

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். என் மகளுடைய வாழ்க்கை அந்த அம்மாளின் வாயில் இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, புடவையை உதறி விட்டுக்கொண்டார்.

“ஜவுளிக்கடையில கூட்டம் சேந்துருமுங்க. வாங்க போலாம். மொதப் புடவை கன்னிக்குன்னீங்களே, இப்ப யாருக்கு எடுக்கறது?”

“அவளுக்கேதான்” என்றார் மாமியார். “வந்தா கட்டிக்குவா.”

கலியாணம் நடந்தது. போட்டோக்காரர்தான் படம் எடுத்தார். எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்று பொண்ணும் மாப்பிள்ளையும் முழித்துக்கொண்டிருந்தபோது, “இதுக்குப் பழைய படம் இல்லீங்க, உங்க இஷ்டத்துக்கு நில்லுங்க” என்றார்.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. இரண்டாவது படத்துக்கு யாரை நிறுத்துவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மாமியார், “நான் நிக்கறேன்” என்றார். அவர் தலையை ஆட்டினார்.

“முடியாதுங்க. நீங்க பழச பாத்துட்டீங்க. நடிச்சுப்போடுவீங்க.”

“நடிக்கத்தான் போறேன். எடுங்க சாமி.”

பட்டாளத்துக் காட்டில் மாமனார் நின்ற இடத்தில் போய் நின்றார். முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து. போட்டோக்காரர் துணிக்குள் நுழைந்தார். அவர் சொல்லாமலே மாமியார் வலக்கையைத் தூக்கினார். ஊருக்குப் போகிற பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு நிற்பார்களே, அது மாதிரி ஆட்டினார். அசையக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் படத்தில் மாமியார் உடம்பெல்லாம் தெளிவாக இருக்கிறது, கை மட்டும் கலங்கித் தெரிகிறது. அவர் எடுத்ததிலேயே கை அசைந்த படம் அது ஒன்றுதான். அதையும் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார்.

நாத்தனார் வரவே இல்லை. உயிரோடு இருந்தாளா, எந்த ஊரில் இருந்தாள், அந்தக் கை யாருடையது, ஒன்றும் தெரியாது. மாமியார் செத்த பிறகும் தை மாதம் புடவை எடுக்கிறேன். படையல் வைப்பதில்லை. பெட்டியில் மடித்து வைக்கிறேன்.

போட்டோக்காரரைக் கடைசியாக நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து நின்றுகொண்டு அப்புறம்தான் பேசினார். எதற்கு நகர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு, நான் யார் நின்ற இடத்தில் நின்றேனோ என்று.

இவ்வளவுதான். பேத்தி, இங்கே வா சாமி. உனக்கும் அதே நெற்றி, அதே தாடை. பென்சில் எழுத்து மங்கலாக இருந்தால் ஜன்னல் பக்கம் போய் நில். எங்கள் வீட்டில் இதை அழாமல் சொன்னவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் எழுதி வைத்தேன், நீ எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஏறிட்டாளா என்று கேட்கிற இடம் வரும். அங்கே மட்டும் அவசரப்படாதே. என் மாமியார் கேட்ட மாதிரியே கேள்.